முதன்முறையாக கைரோபிராக்டரிடம் போகிறீர்களா? அந்த ‘டக்’ சத்தத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடக்கும்?

ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். ஒருவர் மேசை மீது மல்லாந்து படுத்திருப்பார். தலைமாட்டில் நிற்பவர் அவர் தலையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக ஆட்டிக்கொண்டே இருந்து, எதிர்பாராத ஒரு நொடியில் சட்டென்று திருப்புவார். ‘டக் டக்’ என்று சத்தம் வரும். அதைத் துல்லியமாகப் பிடிக்க கழுத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மைக் வேறு. படுத்திருந்தவர் எழுந்து சிரிப்பார். சிலர் அழுதும் விடுவார்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் லேப்டாப் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்திருக்கும் நமக்கு அதைப் பார்த்ததும், “நாமளும் ஒரு தடவை போய்ப் பார்த்தா என்ன?” என்று தோன்றுவது இயல்புதான்.

போகலாமா, வேண்டாமா என்பதற்கு ஒரே வரியில் பதில் இல்லை. உங்களுக்கு இருப்பது என்ன வலி, உடம்பில் எந்த இடத்தில் கை வைக்கப் போகிறார்கள், கை வைக்கப் போகிறவர் யார் – இந்த மூன்றையும் பொறுத்தது அது. இந்தியாவைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்விக்கு விடை கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

கைரோபிராக்டிக் என்பது என்ன?

கையால் செய்வது என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்த பெயர். 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள டேவன்போர்ட் நகரில் டி.டி. பாமர் என்பவர் தொடங்கி வைத்தது. அவர் மருத்துவர் அல்ல. காந்த சிகிச்சை செய்துவந்தவர். காது சரியாகக் கேட்காத ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததும் அவருக்குக் காது கேட்டது என்பது பாமர் சொன்ன கதை. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு முதுகெலும்பு வழியாகப் போகவே இல்லை என்பதால், அந்தக் கதையை மருத்துவ உலகம் இன்றுவரை சந்தேகத்தோடுதான் பார்க்கிறது.

முள்ளெலும்புகள் லேசாக இடம் மாறி நரம்பை அடைப்பதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன, அதைக் கையால் சரிசெய்தால் நோய் போய்விடும் என்பது பாமரின் கொள்கை. இந்த இடமாற்றத்துக்கு ‘சப்லக்சேஷன்’ என்று பெயர். பிரிட்டனில் கைரோபிராக்டர்களைக் கட்டுப்படுத்தும் அமைப்பே 2010-ல், இது நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆய்வு ஆதாரம் இல்லை, வரலாற்றுக் கருத்தாக மட்டும் கற்பிக்கலாம் என்று சொல்லிவிட்டது.

அதனால் இன்றைக்கு இந்தத் துறையில் இரண்டு வகை ஆட்கள் இருக்கிறார்கள். முதுகு வலி, கழுத்து வலி, மூட்டு இறுக்கம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்பவர்கள் ஒரு வகை. ஆஸ்துமா, சுகர், பிபி, குழந்தையின்மை, நோய் எதிர்ப்பு சக்தி என எல்லாவற்றுக்கும் முதுகெலும்பில் விடை தேடுபவர்கள் இன்னொரு வகை. முதல் ஐந்து நிமிடப் பேச்சிலேயே யார் எந்த வகை என்று தெரிந்துவிடும். இரண்டாவது வகை என்றால் எழுந்து வந்துவிடலாம், தப்பில்லை.

நம்மூரில் சுளுக்கு எடுப்பவர், புத்தூர் கட்டு போடுபவர், வர்மம் பார்ப்பவர் என்று பலர் இருக்கிறார்கள். “எல்லாம் ஒண்ணுதானே” என்று கேட்பவர்களும் உண்டு. கையால் செய்வது என்பது மட்டும்தான் ஒற்றுமை. புத்தூர் கட்டு எலும்பு முறிவுக்கானது. வர்மம் சித்த மருத்துவத்தோடு சேர்ந்தது. கைரோபிராக்டிக்குக்கும் இவற்றுக்கும் வரலாற்றுத் தொடர்பு கிடையாது.

போர்டில் ‘டாக்டர்’ என்று போட்டிருக்கிறதே?

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். அமெரிக்காவில் கைரோபிராக்டர் ஆக, கல்லூரிப் படிப்புக்குப் பிறகு சுமார் 4 ஆண்டுகள் தனியாகப் படித்து ‘டிசி’ பட்டம் வாங்க வேண்டும். பிறகு மாநில லைசென்ஸ். பிரிட்டனில் 1994-லேயே இதற்கெனச் சட்டம் வந்துவிட்டது. பதிவு செய்யாமல் ஒருவர் தன்னை கைரோபிராக்டர் என்று சொல்லிக்கொள்வதே அங்கே குற்றம். முழுமையான பயிற்சிக்குக் குறைந்தது 4,200 மணி நேரம் தேவை என்று உலக சுகாதார அமைப்பின் 2005-ம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது.

இந்தியாவில்? எம்பிபிஎஸ் படித்தவர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையம் இருக்கிறது. சித்தா, ஆயுர்வேதத்துக்குத் தனி ஆணையம் இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட்களை 2021-ல் வந்த துணை மருத்துவப் பணியாளர்களுக்கான சட்டத்தின் கீழ் கொண்டுவந்திருக்கிறார்கள். கைரோபிராக்டர்களுக்கு என்று தனிச் சட்டமோ, கவுன்சிலோ, பதிவேடோ இல்லை. அதாவது, நாளைக்கு ஒருவர் மேசை வாங்கிப்போட்டு போர்டு மாட்டினால், “நீ யார், என்ன படித்தாய்” என்று கேட்க அந்தத் துறைக்கென ஓர் அமைப்பு கிடையாது.

நடைமுறையில் நீங்கள் சந்திக்கக்கூடியவர்கள் மூன்று விதம். வெளிநாட்டில் முறையாக டிசி படித்துவிட்டு இங்கே வந்து கிளினிக் நடத்துபவர்கள். இவர்கள் எண்ணிக்கையில் குறைவு, பெரும்பாலும் பெருநகரங்களில்தான் இருப்பார்கள். அடுத்து, பிசியோதெரபி பட்டம் பெற்று, மூட்டுகளைக் கையால் அசைத்துச் சரிசெய்யும் கூடுதல் பயிற்சியும் எடுத்தவர்கள். மூன்றாவது, சில நாள் வொர்க்‌ஷாப் போய் சர்டிபிகேட் வாங்கியவர்கள். கஷ்டம் என்னவென்றால், மூன்று பேரின் இன்ஸ்டாகிராம் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஃபாலோயர் எண்ணிக்கையில் மூன்றாமவர் முன்னால் நின்றாலும் ஆச்சரியமில்லை.

எனவே அப்பாயின்ட்மென்ட் போடும்போதே போனில் கேளுங்கள்: “என்ன படிச்சிருக்காங்க? எந்தக் காலேஜ்? எத்தனை வருஷக் கோர்ஸ்?” டிசி என்றால் எந்த நாட்டில், எந்த மாநிலத்தில் லைசென்ஸ் என்று கேளுங்கள், அமெரிக்க மாநில வாரியங்களின் இணையதளத்தில் பெயரைப் போட்டே சரிபார்க்கலாம். பிசியோதெரபிஸ்ட் என்றால் பட்டமும் பதிவு எண்ணும் கேட்கலாம். முறையாகப் படித்தவர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார். ரிசப்ஷனில் இருப்பவர், “சார் ரொம்ப ஃபேமஸ் மேடம்” என்று மட்டும் பதில் சொன்னால், அதுவும் ஒரு பதில்தான்.

முதல் சந்திப்பில் என்ன நடக்க வேண்டும்?

முதல் விசிட்டில் பாதி நேரம் பேச்சிலேயே போக வேண்டும். வலி எப்போது தொடங்கியது, எங்கே, காலுக்கோ கைக்கோ இறங்குகிறதா, இரவில் தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, எப்படி உட்கார்ந்தால் கூடுகிறது என்று கேட்பார்கள். கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்கள் என்றால் அது, நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்திருந்தால் அது, எலும்பு தேய்மானம், முடக்கு வாதம், பழைய விபத்து, முதுகில் ஆபரேஷன், எப்போதாவது புற்றுநோய், கர்ப்பம். “இதுக்கும் முதுகு வலிக்கும் என்ன சம்பந்தம்” என்று நினைத்து விடாதீர்கள். முடக்கு வாதம் இருப்பவர்களுக்குக் கழுத்தின் மேல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்ந்திருக்கக்கூடும். அங்கே ஒரு வேகமான திருப்பு தண்டுவடத்தையே நசுக்கலாம்.

அடுத்து பரிசோதனை. குனியச் சொல்வார்கள், பக்கவாட்டில் சாயச் சொல்வார்கள். படுக்க வைத்து முட்டி மடங்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிறு சுத்தியலால் முட்டியில் தட்டுவார்கள். குதிகாலிலும் கால்விரல் நுனியிலும் நடக்கச் சொல்வார்கள். காலில் எங்காவது மரத்திருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார்கள். நரம்பு அழுத்தப்பட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இதெல்லாம். இது எதுவுமே செய்யாமல், உள்ளே நுழைந்ததும் “படுங்க” என்றால், படுக்காதீர்கள்.

லூசான டிராக் பேன்ட், டி-ஷர்ட் போட்டுப் போங்கள். ஆடையைக் கழற்ற வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது. முதுகைப் பார்க்க வேண்டும் என்றால் பின்பக்கம் திறக்கும் கவுன் தருவது வழக்கம். பெண்கள், கூட ஒருவர் அறைக்குள் இருக்க வேண்டும் என்று தாராளமாகக் கேட்கலாம். மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.

“எக்ஸ்ரே எடுத்தே ஆகணும்” என்பார்களா?

சிலர் சொல்வார்கள். சாதாரண முதுகு வலிக்கு, ஆபத்து அறிகுறிகள் இல்லாதபட்சத்தில், முதல் ஆறு வாரங்களுக்குள் எக்ஸ்ரேவோ எம்ஆர்ஐயோ தேவையில்லை என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல்கள் பொதுவாகச் சொல்வது. காரணம் சுவாரசியமானது. வலியே இல்லாத ஆட்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015-ல் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 30 வயதுக்காரர்களில் 40 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இவர்கள் யாருக்கும் முதுகு வலி கிடையாது. ஆக, உங்கள் ரிப்போர்ட்டில் ‘டிஸ்க் பல்ஜ்’ என்று இருப்பது நரைமுடி மாதிரி வயதின் அடையாளமாகவும் இருக்கலாம். அந்த வார்த்தையைக் காட்டி யாராவது உங்களைப் பயமுறுத்தினால் இந்த எண்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ‘டக்’ சத்தம் என்ன?

முகத்தை வைக்க ஓட்டை இருக்கும் ஒரு மேசை. கீழ்முதுகுக்கு என்றால் பக்கவாட்டில் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை ஒரு பக்கமும் பிடித்து இறுக்கம் வரும்வரை மெல்லத் திருப்பி, அந்த இடத்தில் வேகமான ஆனால் சிறிய ஓர் அழுத்தம் கொடுப்பார்கள். ஒரு நொடிகூட ஆகாது. சிலர் கையால் செய்யாமல், ஸ்பிரிங் வைத்த பேனா போன்ற சிறு கருவியால் ‘டிக் டிக்’ என்று தட்டுவார்கள். இன்னும் சிலர் வேகமான அழுத்தமே இல்லாமல் மெதுவாக அசைத்து மட்டும் கொடுப்பார்கள். இதில் எது உங்களுக்கு என்று முன்கூட்டியே விளக்கி, சம்மதம் கேட்ட பிறகே தொட வேண்டும்.

சத்தம், எலும்பு எலும்போடு உரசுவதாலோ, விலகிய எலும்பு தன் இடத்தில் போய் உட்காருவதாலோ வருவதல்ல. மூட்டுக்குள் வழவழப்பான திரவம் இருக்கிறது. மூட்டின் இரண்டு பரப்புகளும் சட்டென்று விலகும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, திரவத்தில் வாயு நிறைந்த ஒரு வெற்றிடம் உருவாகிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் விரல் சொடுக்குவதை எம்ஆர்ஐக்குள்ளேயே படம் பிடித்து, சத்தம் வரும் கணத்தில் இந்த வெற்றிடம் உருவாவதைக் காட்டினார்கள். ஒருமுறை சொடுக்கிய விரலை உடனே மறுபடி சொடுக்க முடியாததற்கும் இதுதான் காரணம்; வாயு மீண்டும் கரைய இருபது நிமிடம்போல ஆகும்.

அதனால் சத்தம் வந்தால் சிகிச்சை பலித்தது, வராவிட்டால் பலிக்கவில்லை என்று எதுவும் கிடையாது. (சொடுக்கு எடுத்தால் மூட்டுவாதம் வரும் என்று பாட்டி திட்டியிருப்பார். டொனால்ட் உங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடது கையில் மட்டும் சொடுக்கு எடுத்து, வலது கையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டிலும் வாதம் வரவில்லை. 2009-ல் அவருக்கு நையாண்டி நோபல் எனப்படும் இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். ஒரே ஒருவரை வைத்துச் செய்த ஆய்வு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

முடிந்த பிறகு லேசான தலைப்பாரம், அழுத்திய இடத்தில் வலி, அசதி ஆகியவை பலருக்கும் வரும். ஓரிரு நாளில் போய்விடும். அன்றைக்கே ஜிம்முக்குப் போய் டெட்லிஃப்ட் போட வேண்டாம்.

கழுத்து மட்டும் வேறு கதை

கழுத்தெலும்புகளின் இரு பக்கமும் துளைகள் உண்டு. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு ரத்தக்குழாய்கள் அந்தத் துளைகளுக்குள் நுழைந்து நுழைந்துதான் மேலே ஏறுகின்றன. மண்டையோட்டுக்குக் கொஞ்சம் கீழே அவை ஒரு வளைவு எடுக்கின்றன. தலையை வேகமாகத் திருப்பினால் அங்கேதான் இழுவை அதிகம். குழாயின் உள்சுவரில் சிறு கிழிசல் விழுந்தால், அங்கே ரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வரும் பக்கவாதத்துக்குக் கழுத்து ரத்தக்குழாய்க் கிழிசல் ஒரு முக்கியக் காரணம் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இது அரிதாகத்தான் நடக்கிறது. கழுத்தைத் திருப்பியதால்தான் கிழிந்தது என்று ஒவ்வொரு முறையும் உறுதியாகச் சொல்லவும் முடியாது. ஏனென்றால் கிழிசல் தானாகவே தொடங்கும்போதும் முதல் அறிகுறி கழுத்து வலியும் தலைவலியும்தான். அந்த வலிக்காகவே அவர் கைரோபிராக்டரிடம் போயிருக்கலாம். அமெரிக்க இதய சங்கம் 2014-ல் வெளியிட்ட அறிக்கை இந்த இரண்டு பக்கத்தையும் சொல்லிவிட்டு, இரண்டுக்கும் தொடர்பு காணப்படுவதால் கழுத்தில் கை வைக்கும் முன் இதை நோயாளியிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இந்தியாவில் எத்தனை இடங்களில் அப்படித் தெரிவிக்கிறார்கள் என்பதை நீங்களே போய்ப் பாருங்கள்.

எது முதலில் வந்தது என்ற விவாதம் ஆய்வாளர்களுக்கு முக்கியம். உங்களுக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் ஒன்றுதான்: இதுவரை வராத மாதிரியான கழுத்து வலியோ, பின்மண்டை வலியோ திடீரென வந்தால், முதலில் போக வேண்டியது மருத்துவரிடம். ஏற்கெனவே கிழிசல் இருந்தால் அதன்மேல் ஒரு திருப்பு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் விசிட்டில், “கழுத்தை வேகமாத் திருப்ப வேண்டாம்” என்று சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. கழுத்து வலிக்கு மெதுவான அசைவுகள், தசை வலுப்படுத்தும் பயிற்சி என்று ஆபத்து குறைந்த வழிகள் இருக்கின்றன. வேண்டாம் என்ற பிறகும் “ஒண்ணும் ஆகாது, ரிலாக்ஸா இருங்க” என்று தலையைப் பிடிப்பவரை நம்ப வேண்டாம். சலூனில் முடி வெட்டிய பிறகு போனஸாகக் கிடைக்கும் கழுத்துச் சொடுக்குக்கும் இதே பதில்தான். 2024-ல் கர்நாடகத்தின் பெல்லாரியில் 30 வயது இளைஞர் ஒருவர், சலூனில் இலவச மசாஜின்போது கழுத்தைத் திருப்பியதில் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதத்துக்கு ஆளானார் என்ற செய்தியைப் படித்திருப்பீர்கள்.

கழுத்தைத் திருப்பிய பிறகு, அன்றோ அடுத்த சில நாட்களிலோ, தலைசுற்றல், இரட்டையாகத் தெரிதல், பேச்சு குழறுதல், விழுங்க முடியாமை, நடை தள்ளாட்டம், ஒரு கண் இமை தொங்குதல், முகமோ கைகாலோ மரத்துப் போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் கிளினிக்குக்குப் போன் செய்யாதீர்கள். 108-ஐ அழைத்து, ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். உறைகட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. “சிகிச்சைக்கு அப்புறம் இப்படித்தான் இருக்கும், தூங்கினா சரியாயிடும்” என்று யார் சொன்னாலும் காத்திருக்க வேண்டாம்.

அப்படியென்றால் பலனே இல்லையா?

கீழ்முதுகு வலிக்கு ஓரளவு இருக்கிறது. 2020 கணக்குப்படி உலகம் முழுக்க சுமார் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்கிறார்கள். அமெரிக்க மருத்துவர் கல்லூரியின் 2017 வழிகாட்டுதல், மாத்திரைக்கு முன்னால் முயன்று பார்க்கக்கூடிய வழிகளில் ஒன்றாக முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்வதையும் சேர்த்திருக்கிறது. நாள்பட்ட முதுகு வலிக்கான உலக சுகாதார அமைப்பின் 2023 வழிகாட்டுதலிலும் இது நிபந்தனையோடு இடம்பெறுகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்போ, உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும், தனியாக அல்ல என்கிறது. 2019-ல் பிஎம்ஜே இதழில் வந்த பெரிய தொகுப்பாய்வின் முடிவு, உடற்பயிற்சி போன்ற மற்ற பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகள் தரும் அதே அளவு பலனைத்தான் இதுவும் தருகிறது என்பது.

அதாவது மாயமும் இல்லை, மோசமும் இல்லை. வாக்கிங்கும் முதுகுப் பயிற்சியும் தரும் பலனையே இது தருகிறது என்றால், அந்த இரண்டையும் முதலில் தொடங்குவது செலவு குறைந்த வழி. திடீரென வரும் சாதாரண முதுகுப் பிடிப்பு பலருக்கும் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். மூன்றாவது வாரம் கிளினிக் போய், நான்காவது வாரம் சரியானால் பெயர் கிளினிக்குக்குப் போய்விடும்! கைக்குழந்தைகளின் அழுகை, வயிற்று வலி ஆகியவற்றுக்கு முதுகைச் சொடுக்குவதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். அது பலன் தரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை.

நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டிய வலிகளும் உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது கட்டுப்பாடில்லாமல் போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது – முதுகு வலியோடு இவற்றில் ஒன்று இருந்தால் அவசரம். ஒரு நாள் தாமதம்கூட நிரந்தர பாதிப்பாகலாம். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் குறையாத இரவு வலி, கீழே விழுந்த பிறகு தொடங்கிய வலி, இவற்றோடும் மேசையில் போய்ப் படுக்காதீர்கள்.

பணம், பேக்கேஜ், வீடியோ

ஒரு சிட்டிங்குக்குச் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை ஆளுக்கு ஆள் மாறும். நம் ஹெல்த் இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தரும் என்பதால், இது உங்கள் கையிலிருந்து போகும் காசு. முதல் நாளே, “உங்க முதுகெலும்பு வளைஞ்சிருக்கு, இருபது சிட்டிங் ஆகும், இன்னிக்கே கட்டினா தள்ளுபடி” என்பார்கள். கட்டாதீர்கள். ஒவ்வொரு முறையாகக் கொடுங்கள். மூன்று, நான்கு வாரங்களில் தெளிவான முன்னேற்றம் இல்லையென்றால், இருபதாவது சிட்டிங்கில் திடீரென வந்துவிடாது. வீட்டில் செய்ய எந்தப் பயிற்சியும் சொல்லித் தராமல், “மாசம் ஒரு தடவை வந்து அலைன் பண்ணிக்கணும்” என்பவர் உங்களை வாடகைக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்.

பில் கேட்டு வாங்குங்கள். அதில் செய்தவரின் பெயரும் தகுதியும் இருக்கட்டும். கைரோபிராக்டருக்கெனக் கவுன்சில் இல்லாத நாட்டில், தவறு நடந்தால் நீங்கள் போகக்கூடிய இடங்களில் முக்கியமானது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். அங்கே அந்தத் துண்டுச் சீட்டுதான் பேசும்.

கடைசியாக, போனை ஸ்டாண்டில் வைத்தபடி “ஒரு வீடியோ எடுத்துக்கலாமா?” என்று கேட்பார்கள், சில இடங்களில் கேட்காமலே எடுப்பார்கள். கேமரா ஓடும்போது சத்தம் வந்தாக வேண்டும் என்ற அழுத்தம் செய்பவருக்கும் இருக்கும். “வேண்டாம், போனை எடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுப் படுங்கள்.